சித்தப்பாவின் சட்டையில் ஏறிய மஞ்சள்

வெள்ளைச் சட்டையின் அக்குளில் ஏறிய மஞ்சளை எடுக்க எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாயங்காலம் நம் கட்டிடத்து மாடியில் கூடும்போது நீங்களெல்லாம் மருமகள்கள் துணியை மெஷினில் போட்டுக் கெடுப்பதைச் சொல்லிப் புலம்புவீர்கள். எலுமிச்சை தேய், ஆப்ப சோடா போடு, வினிகர் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வீர்கள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். "இவளுக்கென்ன, கல்யாணம் ஆன நாள்ல இருந்து லாண்டரிதான், மகாராணி" என்று உங்களில் ஒருத்தி கேலிகூடச் செய்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது தை மாதத்திலிருந்து ஆனி வரை நான் பள்ளிக்கூடம் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பார்த்தது அந்த ஒரு வேலைதான். இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது தாராவியில் இருந்தோம். உங்களில் பாதிப்பேர் அங்கிருந்து செம்பூருக்கு வந்தவர்கள்தான், வீட்டை விவரிக்க வேண்டியதில்லை. ஒரே அறை, பலகை அடித்த ஒரு மேல்தட்டு, அதற்கு ஏற ஒரு இரும்பு ஏணி, தலைக்கு மேல் தகரம். எதிர்வீட்டுச் சுவருக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே ஒரு ஆள் குடையை விரித்துக்கொண்டு போக முடியாது. அந்தச் சந்தின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போடுவோம். போகிற வருகிற எல்லாரும் எங்கள் துணிக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கொடியைப் பார்த்தே சொல்லிவிடுகிற பெண்கள் அந்தச் சந்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி. பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி அம்மா அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு ஒன்பது வயதாம். "எனக்கு மொதப் பிள்ளை நீயில்லட்டி, அவன்தான்" என்று அம்மா என்னிடம் அடிக்கடி சொல்வாள். எனக்கு அதில் பொறாமை இருந்தது, பெருமையும் இருந்தது.

சித்தப்பா மாட்டுங்காவில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். நல்ல உயரம். மேல் தட்டுத் துணிக்கட்டுகளை ஸ்டூல் போடாமல் எடுப்பார் என்பதற்காகவே முதலாளி அவரை விடாமல் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை கடையின் சட்டம். அவரிடம் இருந்தது மூன்று. ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவர்மேல் புதுத்துணிக் கஞ்சியின் மணமும் தேங்காயெண்ணெய் மணமும் வேர்வையும் கலந்து அடிக்கும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்து தருவார். அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். ஊதாப்பூ போட்ட ஒரு மெல்லிய பருத்தித் துண்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த டின் எப்போது தொலைந்தது என்று எனக்குத் தெரியாது.

தை பிறந்து சில நாள் கழித்துத்தான் ஆரம்பித்தது. பம்பாயில் குளிர் என்று சொல்லிக்கொள்ள இருக்கிற நாலு வாரம் அது. நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். சித்தப்பா மட்டும் காலையில் மேல்தட்டிலிருந்து இறங்கும்போது பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். படுத்த விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கடைக்குப் போட்டுப்போகிற சட்டையின் அக்குளும் காலரும் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. ஒருநாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"மைனி, இன்னைக்கு மொதலாளி எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. கஸ்டமர் நிக்கும்போது கையத் தூக்காதங்காரு."

"கையத் தூக்காம துணிய எப்பிடி எடுக்கதாம்?"

"அதத்தான் நானும் நெனச்சேன். கேக்க முடியுமா?"

அம்மா அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். சாயங்காலமானால் லேசாகச் சுடும். "சூட்டு ஒடம்புய்யா ஒனக்கு. நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா ஒடம்பு கொதிக்காம என்ன செய்யும்?" என்றாள். எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் சூடுதான். கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, பரீட்சையில் தோற்றால்கூட எண்ணெய் தேய்த்துக் குளிக்காததுதான். சனிக்கிழமை தவறாமல் சித்தப்பாவுக்கு நல்லெண்ணெய்க் குளியல் நடந்தது. ஊறவைத்த வெந்தயம், இளநீர், நீர்மோர் என்று அம்மா அவரை நனைத்துக்கொண்டே இருந்தாள். அவர் இளைத்தார். சூடு இறங்குகிறது என்றாள் அம்மா.

அந்தத் தையில்தான் மாஹிமில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. சித்தப்பாவுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் பேசிக் கடைசி நேரத்தில் கலைந்திருந்தன. இதுவும் போனால் இனி யாரும் பெண் தரமாட்டார்கள் என்று அம்மா நடுங்கினாள். அதனால் சட்டைகளைத் தோபியிடம் போடுவதை நிறுத்தினாள். தோபி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். தாராவியிலிருந்து மாஹிம் வரை நம்மவர்கள் வீட்டுத் துணியெல்லாம் அவரிடம்தான் போகும். எந்த வீட்டில் யாருக்குச் சண்டை, யாருக்கு முழுகவில்லை என்பது துணிமூட்டையோடு வீடு வீடாகப் போய்வரும். "விரிப்புல இம்புட்டு வேர்வையப் பாத்தாம்னா அவன் சும்மா இருப்பானா? வீட்லயே அலசுவோம்" என்றாள்.

குழாயில் தண்ணீர் வருவதே காலையில் ஒன்றரை மணி நேரம். ஓரம் உடைந்த எங்கள் எனாமல் பேசினில் அந்த மூன்று சட்டைகளோடு நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். முதலில் அம்மா வெந்நீரில் சலவைச் சோடா போட்டு வேகவைத்தாள். மஞ்சள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. பார்சோப்பைத் தேய்த்து அடித்தாள், காலர் நைந்தது. நீலத்தைக் கூடுதலாகப் போட்டாள். சட்டை முழுக்க வெளிறிய ஊதாவாகவும் அக்குள் மட்டும் பச்சையாகவும் வந்தது. சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு, "மைனி, கிளி மாதிரி இருக்கேனா?" என்று கையை விரித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மாசியில் முனிசிபாலிட்டி ஆட்கள் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவ வந்தார்கள். அம்மா ஒருவனைக் கெஞ்சி ஒரு பொட்டலம் வாங்கினாள். வெள்ளையை இன்னும் வெள்ளையாக்குகிற பொடி என்று நம்பி, பெண் வீட்டார் வரும்போது போடுவதற்கு எடுத்துவைத்திருந்த நல்ல சட்டையை அதில் ஊறப்போட்டாள். வேர்வை பட்ட துணிக்கு அந்தப் பொடி ஆகவே ஆகாது. மறுநாள் எடுத்தபோது அக்குள் இரண்டும் அவித்த முட்டைக்கரு நிறத்தில் இருந்தன. பிழிந்ததும் துணி கையோடு கிழிந்து வந்தது. அம்மா அந்தக் கிழிசலை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்றுபோய்க் குழாய் உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. "நான் என்னட்டி செய்வேன்? எவ்வளவு தேய்ச்சாலும் திரும்பத் திரும்ப வருதே" என்று அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வழியைக் கண்டுபிடித்தது நான்தான். அதையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். என்ன செய்வதென்று தெரியாமல், சித்தப்பா கழற்றிப்போட்ட சட்டையைக் காய விடாமல் அப்படியே உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மஞ்சள் பாதி இறங்கியிருந்தது. பிறகு ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி, எலுமிச்சை மூடியால் தேய்த்து, தகரக் கூரைமேல் வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். கடைசியில் ஒரு துளி நீலம். வேர்வை துணியில் காயக்கூடாது, வெந்நீர் படக்கூடாது, கறை போகும்வரை இஸ்திரிப் பெட்டி கிட்டே வரக்கூடாது. அவ்வளவுதான் ரகசியம். சோடா என் விரலிடுக்கையெல்லாம் தின்றுவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அம்மா அந்தச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்ட மாதிரி அதற்கு முன்பும் கட்டிக்கொண்டதில்லை, பின்பும் கட்டிக்கொண்டதில்லை.

பங்குனியில் பெண்ணின் அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். கணவனை இழந்தவர். மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்ப்பதுதான் சரியான பார்வை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். உள்ளே வருமுன் சந்தில் நின்று கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் ஒரு சட்டையும் விரிப்பும் தொங்கின. சட்டையின் கையைப் பிடித்து அக்குளைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தோய்ச்சது?"

"நாந்தான்" என்றேன்.

"நல்லா இருட்டி. யக்கா, ஒங்க வீட்டுச் சுத்தம் கொடியிலயே தெரியுது. எனக்கு வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்."

காபியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார். "ஒண்ணு மட்டும் கேக்கேன், தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுக்காரவ டி.பி.யிலதான் போனாவ. மாசக்கணக்கா வேர்த்து வேர்த்து நனைஞ்சே போனாவ. எம்பிள்ள அதப் பாத்துருக்கா. ஒங்க கொழுந்தனாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? சூடு என்று உண்மையாகவே நம்பினாள் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. தெரிந்துகொள்ளப் பயந்தாள்.

"இருமல்கூட இல்ல" என்றாள் அம்மா. அது அன்றைக்கு உண்மைதான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சித்திக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட. வந்த மறுநாளே எனக்கு இரட்டைச்சடை போட்டு ரிப்பன் கட்டினாள். என் ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். சந்திலேயே அழகி எங்கள் சித்திதான் என்று நான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சித்தப்பாவும் அந்த நாட்களில் ஏதோ ஒரு மினுமினுப்போடு இருந்தார். கன்னத்தில் தினமும் சாயங்காலம் ஏறுகிற சிவப்பைப் பார்த்துக் கல்யாணக் களை என்றார்கள்.

சித்தி குழாயடிக்கு வந்தாலே அம்மா தடுத்துவிடுவாள். எங்கள் குடும்பத்தில் புதுப்பெண் தலை ஆடி கழியும்வரை துணி தோய்க்கக் கூடாது என்று இல்லாத ஒரு வழக்கத்தை உண்டாக்கினாள். "எந்த மாமியார் வீட்ல இப்பிடித் தாங்குவாவ" என்று சித்தி நெகிழ்ந்துபோனாள். என்னை மட்டும் அம்மா தனியாக அழைத்துச் சொல்லி வைத்திருந்தாள். "யாரு கேட்டாலும் கல்யாண அலைச்சல்ல வேக்குதுன்னு சொல்லு. அதுக்கு முன்னால கிடையாது. வெளங்குதா?" நான் தலையாட்டினேன்.

கல்யாணம் நடந்தது கடும்புழுக்கத்தில். தகரத்துக்கு அடியில் யாருக்குத்தான் வேர்க்காது? சித்தி ஒன்றும் நினைக்கவில்லை. ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் எல்லாரும் போர்வை தேடினோம். நாலாம் நாள் காலை அம்மா ரேஷனுக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நான் வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பேசினை நிரப்பிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து என் கையிலிருந்த பனியனை வாங்கினாள். பிழிந்தாள். முகத்துக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"மழைக் குளிர்ல எப்பிடிட்டி இம்புட்டு வேர்க்கும்?"

நான் பேசினில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"எங்கப்பாவுக்கு இப்பிடித்தான் வேர்க்கும்." சித்தி பனியனைக் கையிலிருந்து விடவில்லை. "நீதான தோய்க்க. எத்தன நாளா இருக்கு? எங்கிட்ட மறைக்காமச் சொல்லு தங்கம்."

அம்மா சொல்லிவைத்ததற்காக மட்டும் நான் பொய் சொன்னேன் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்படியில்லை. உண்மையைச் சொன்னால் சித்தி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாஹிமுக்குப் போய்விடுவாள், எனக்குச் சடை போட ஆளிருக்காது என்று பயந்தேன். பதினோரு வயதுப் பிள்ளையின் புத்தி அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு அப்புறந்தான் சித்தி. அலைச்சல்ல."

"அதுக்கு முன்னால?"

"இல்லவே இல்ல. ஒங்கம்மாவே வந்து பாத்தாவல்லா, எவ்வளவு வெள்ளையா இருந்துச்சுன்னு."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகச் சேர்த்தது.

சித்தியின் முகம் தெளிந்தது. "அப்ப மூணு வாரந்தான். எங்கப்பாவுக்கு மாசக்கணக்கா இருந்துச்சு. இது அது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் மனசு கேளாமல் அன்று மாலையே சித்தப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன கிளினிக், வாசலுக்கு வெளியே நான் நின்றேன். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். "மூணு வாரமா" என்று சித்தி சொன்னாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்தப் பெட்டியின் பயம்தான். மழைக்காலத்துக் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். டானிக் தீரத் தீர வாங்கினோம்.

ஆவணியில் இருமி ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, சித்தப்பாவிடமும் விசாரித்துவிட்டு, இது எட்டு மாதத்துப் புண், இரண்டு பக்கமும் அரித்துவிட்டது என்றார்கள். மருந்து இருக்கிற நோய்தானே, ஏன் இவ்வளவு நாள் கழித்துக் கொண்டுவந்தீர்கள், தையிலிருந்து வேர்க்கிறது என்று ஆனியிலாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே படம் எடுத்திருப்பார்களே என்று அந்த டாக்டர் இந்தியில் அப்பாவைச் சத்தம் போட்டார். அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. அவர் கைகட்டி நின்றார்.

சித்தி சித்தப்பாவின் கட்டிலோரம் நின்று, "எப்ப இருந்து?" என்று மட்டும் கேட்டாள். "தையிலேருந்து" என்றார் அவர். சித்தி அம்மாவிடம் திரும்பினாள். அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால வேர்வையெல்லாம் நாந்தான் மொதல்ல அலசி எடுத்துருவேன், மிச்சந்தான் அவ தோய்ச்சா. அவளுக்குக் காட்டவே இல்ல" என்றாள். அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் சித்தப்பா போய்விட்டார். ஐந்து மாதம்தான் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது, அதில் பாதி ஆஸ்பத்திரியில். சித்தி பிறகு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலைக்குப் போனாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து எனக்கு மட்டும் ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போனாள். அம்மா சாகும்வரை சித்தியிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தாள். சாவுக்கும் சித்தி வரவில்லை. அந்த முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் சித்திக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு அம்பர்நாத்துக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் ரயிலேறினேன். அம்மாவின்மேல் இருக்கிற கோபத்தில் பாதியையாவது என்மேல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள். என் கையைப் பிடித்து விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நீ என்ன சொல்லப் போற, ஒங்கம்மாவ மன்னிச்சிரும்ப. என்னால முடியாது தாயி. ஒங்க சித்தப்பாவக்கூட என்னால முழுசா மன்னிக்க முடியல. எல்லாருமாச் சேந்து என்னைய ஏமாத்திப்போட்டிய." மூச்சு வாங்கியது. என் கையை இன்னும் இறுக்கினாள். "அந்த வீட்ல எங்கிட்டப் பொய் சொல்லாதவ நீ ஒருத்திதான். அதை நெனச்சுத்தான் இத்தன வருஷம் ஓட்டினேன். இல்லேன்னா அன்னைக்கே மண்ணெண்ணெய ஊத்தியிருப்பேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமா சித்தி" என்றேன்.